பூனை இளைக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். பெரியவன் பெயர் மணி, ஆனால் எல்லோரும் கூப்பிடுவது ‘குண்டு’ என்றுதான். எட்டு வயது, கருத்தடை செய்தாயிற்று, மூன்றாவது மாடி ஃபிளாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. போன வருடம் 7.2 கிலோ இருந்தான். இரண்டு மாதமாக பாத்ரூம் வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கிறான். லிட்டர் ட்ரேயில் எறும்பு மொய்க்கிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறான், இருந்தும் எடை 6.3 கிலோவுக்கு இறங்கிவிட்டது. ஒருவழியாக இளைக்கிறானே என்று சந்தோஷப்பட்டோம். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை 318 இருக்கிறது என்று இன்னும் சில பரிசோதனைகள் எழுதித் தந்திருக்கிறார். ட்ரை ஃபுட் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும். அம்மா காலையும் மாலையும் பால் வைப்பார். போன வருடம் ஈறு வீக்கத்துக்காக ‘ஒரு மாதம் தாங்கும்’ என்று சொல்லி இரண்டு முறை ஊசி போட்டார்கள். குண்டாக இருந்ததால்தான் சர்க்கரை நோய் வந்ததா? அம்மா சாப்பிடும் மெட்ஃபார்மினில் பாதி கொடுக்கலாமா? பட்டினி போட்டு எடையைக் குறைத்தால் சரியாகுமா? ஆயுளுக்கும் இன்சுலின் ஊசியா? சின்னவள் மீனுவுக்கு நான்கு வயது, 5.4 கிலோ. அவளுக்கும் வருமா? அடுத்த மாதம் திருநெல்வேலியில் கல்யாணம், நான்கு நாள் போகவேண்டும். அதற்கு என்ன செய்வது?
— மேடவாக்கம் வாசகி

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணி இன்று சாப்பிட்டானா? சாப்பிட்டான் என்றால் நாளை காலை வரை பொறுக்கலாம். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூலையில் போய்ச் சுருண்டுகொண்டு வேகமாக மூச்சு வாங்கினாலோ மேலே படிக்காதீர்கள், கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்ட பூனைக்கு ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது வரும் கழிவு) ஏறி அமிலம் கூடிவிடும். அது ஒரே நாளில் உயிரை எடுக்கக்கூடியது.

அம்மாவின் மெட்ஃபார்மின் அம்மாவுக்கு மட்டும். பூனையிடம் அது பெரிதாக வேலை செய்வதில்லை. வயிறு கெட்டு, இருக்கிற பசியும் போய்விடும். பசி போன பூனை எவ்வளவு பெரிய தலைவலி என்பதைப் பிறகு சொல்கிறேன். வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, நாவல் கொட்டைப் பொடி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அக்கம்பக்கத்தில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள்.

சரி, இந்த 318-க்கு வருவோம். பூனைக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏற நோயே வேண்டாம், பயம் போதும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய் குரைக்கிற வரவேற்பறையில் உட்காரவைத்து, நான்கு பேர் பிடித்து ஊசி குத்தினால் 300-ஐத் தாண்டுகிற பூனைகள் உண்டு. வீட்டுக்குப் போய் கட்டிலுக்கு அடியில் படுத்தால் தானாக இறங்கிவிடும். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் இன்சுலினைத் தொடங்கக்கூடாது. உங்கள் டாக்டர் மேற்கொண்டு பரிசோதனை எழுதியது சரியான காரியம். அதில் ஃப்ரக்டோசமைன் என்று ஒன்று இருக்கும். முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டும். அன்றைய பயம் அதைப் பெரிதாக மாற்றாது. சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும் பார்ப்பார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் தண்ணீர் அதிகம் குடித்து இளைக்கிற பூனைக்குச் சிறுநீரகக் கோளாறோ தைராய்டு அதிகரிப்போ கூட இருக்கலாம், சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். செலவு யோசனையாக இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள், கட்டணம் குறைவு.

ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, இது வெறும் பயத்தால் ஏறிய சர்க்கரை என்று என்னால் நினைக்க முடியவில்லை. காரணம் அந்த எறும்பு. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 250 முதல் 290 வரை ஏறினால்தான் பூனையின் சிறுநீரகம் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விடும். எறும்பு மொய்ப்பதை யாரும் பரிசோதனை முடிவாக எழுத மாட்டார்கள்தான், வேறு காரணத்துக்கும் எறும்பு வரும். ஆனால் வாளித் தண்ணீர், பசி குறையாமலே எடை இறக்கம், எறும்பு மூன்றும் சேர்ந்து வந்தால் நான் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சியைத் தேடிப் போவேன். சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் அந்தத் தாகம். உண்ட உணவு செல்லுக்குள் போய்ச் சேராததால் உடல் தன் தசையையும் கொழுப்பையும் எரிக்கிறது, அதனால்தான் அந்த இளைப்பு. நீங்கள் சந்தோஷப்பட்ட அந்த 900 கிராம் அப்படிப் போனதாகத்தான் இருக்கும். உணவைக் குறைக்காமல் ஒரு பூனை இளைத்தால், அது எவ்வளவு குண்டாக இருந்தாலும் சரி, நல்ல செய்தி அல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். மணி ஹாலில் நடக்கும்போது பின்னங்காலைப் பக்கவாட்டில் இருந்து கவனியுங்கள். பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி. நடையில் குதிகால் தரையை விட்டு நன்றாக மேலே நிற்கவேண்டும். நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு பாதிக்கப்பட்டால் அந்தக் குதிகால் தாழ்ந்து, முயல் உட்காருகிற மாதிரி முழுப் பாதத்தையும் தரையில் பதித்து நடக்கும். சோஃபாவில் ஏறத் தயங்கும். ‘வயசாயிடுச்சு, குண்டு வேற’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அப்படித் தெரிந்தால் ஃபோனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் பூனை நடந்து காட்டாது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இந்த நடை பல பூனைகளில் மெல்ல மெல்லத் திரும்புகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. குண்டாக இருந்ததால்தானா? பெரும்பங்கு ஆம். முழுக்க அதுவே என்று சொல்லமாட்டேன்.

நாய்க்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் கணையம் இன்சுலினே சுரக்காமல் போவதால் வருவது. பூனைக்கு வருவது உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கிற ரகம், அதாவது இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காமல் போவதற்கு முக்கியக் காரணம் கொழுப்பு. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல. அது ரத்தத்தில் ஹார்மோன்களை விட்டுக்கொண்டே இருக்கிறது. குண்டாகும்போது இன்சுலினுக்கு ஒத்துழைக்கும் அடிப்போனெக்டின் குறைகிறது, சர்க்கரையைத் தசைச் செல்லுக்குள் கொண்டுபோகும் புரதமும் குறைகிறது. பூனையின் எடை ஒரு கிலோ கூடினால், இன்சுலின் சொல்வதை உடல் கேட்கும் திறன் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். 2001-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளுக்கு இஷ்டத்துக்கு உணவு வைத்தார்கள். பத்து மாதத்தில் எடை சராசரியாக 44 சதவீதம் கூடியது, இன்சுலின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஆய்வில் வைத்ததும் உங்கள் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான்: எப்போதும் நிறைந்திருக்கும் கிண்ணம்.

உடல் கேட்காவிட்டால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து பார்க்கும். பல பூனைகள் இப்படியே வருடக்கணக்கில் சமாளித்துவிடும், ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஆனால் இன்சுலினோடு சேர்ந்தே அமிலின் என்று இன்னொரு ஹார்மோனும் சுரக்கிறது. அது அளவுக்கு மீறும்போது இன்சுலின் சுரக்கும் செல்களைச் சுற்றியே படிந்து அவற்றை நெரிக்கும். பூனைக்கும் மனிதனுக்கும் இதில் ஆச்சரியமான ஒற்றுமை. அப்புறம் சர்க்கரை ஏறினால், ஏறிய சர்க்கரையே மிச்சச் செல்களை மயங்கவைக்கிறது. இந்த மயக்கம் மட்டும் தெளியக்கூடியது. உங்கள் ‘ஆயுளுக்குமா’ என்ற கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

1998-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், சரியான எடையுள்ள பூனைகளைவிட மிகக் குண்டான பூனைகளுக்கு நான்கு மடங்கு அளவுக்கு இந்த நோய் வந்திருந்தது. நான்கு மடங்கு என்றதும் மீனுவை நினைத்துப் பதறவேண்டாம். மொத்தப் பூனைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் சர்க்கரை நோய் வருகிறது, குண்டுப் பூனைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு வருவதில்லை. மணிக்கு வந்ததற்கு எடையோடு வேறு சிலதும் கைகோத்திருக்கின்றன. ஆண், கருத்தடை ஆனவன், ஏழு வயதைத் தாண்டியவன், ஃபிளாட்டுக்குள்ளேயே வாழ்பவன்: பாடப்புத்தகம் எழுதுகிற வரிசை அப்படியே பொருந்துகிறது.

அதோடு அந்த ஊசி. ‘ஒரு மாதம் தாங்கும்’ என்று ஈறு வீக்கத்துக்குப் போட்டது பெரும்பாலும் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருக்கும். ஸ்டீராய்டு இன்சுலினுக்கு நேர் எதிரி. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த கணையத்தை அது தள்ளிவிட்டிருக்கலாம். போட்டவரைக் குறை சொல்ல வரவில்லை. வாய் முழுக்கப் புண்ணாகிப் பட்டினி கிடக்கும் பூனைக்கு அந்த ஊசி தேவைப்படுகிற நேரம் உண்டு. ஆனால் குண்டான, நடுவயது ஆண் பூனைக்கு அதைப் போடும் முன் இரண்டு முறை யோசிக்கவேண்டும் என்பது என் கருத்து. பழைய சீட்டைத் தேடி எடுத்து, ஊசியின் பெயரை இப்போதைய டாக்டரிடம் காட்டுங்கள். இனி யாரிடம் போனாலும், ‘இவனுக்குச் சர்க்கரை இருக்கு, ஸ்டீராய்டு வேண்டாம்’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். வாய்ப் பிரச்சினைக்குப் பல்லைச் சுத்தம் செய்வதும் கெட்ட பல்லை எடுப்பதும்தான் நிலையான தீர்வு. அதுவும் சர்க்கரை கட்டுப்பட உதவும், ஏனென்றால் வாயில் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியே இன்சுலினைத் தடுக்கிறது.

அம்மா பாலில் சர்க்கரை போட்டுக் கொடுத்ததால் வந்ததோ என்று சிலர் கேட்பார்கள். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனைக் குடும்பம் முழுவதிலும் செயலிழந்து கிடக்கிறது, சிங்கம் புலிக்கும் சேர்த்துத்தான். இது 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பால் கிண்ணத்துக்கு அது ஓடி வருவது கொழுப்புக்காக. ஆனால் பாலில் வேறொரு கணக்கு இருக்கிறது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 65 கிலோகலோரி. மீனு மாதிரி ஒரு பூனைக்கு எடை குறையவேண்டுமானால் ஒரு நாள் முழுவதற்கும் வேண்டியது 160 கிலோகலோரிதான். அதாவது காலையில் ஒரு சின்ன டம்ளர், மாலையில் ஒரு சின்ன டம்ளர் என்று அம்மா வைக்கும்போது ஒரு நாள் சாப்பாடு பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குமேல் அந்த நிறைந்த கிண்ணம் வேறு.

ட்ரை ஃபுட்டில் உள்ள மாவுச்சத்துதான் வில்லன் என்று இணையத்தில் நிறைய படித்திருப்பீர்கள். ஆரோக்கியமான பூனைக்கு மாவுச்சத்து மட்டுமே சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்பதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் சாட்சி சொல்லவில்லை. மொத்தக் கலோரியும் அதனால் வந்த எடையும்தான் பெரிய குற்றவாளிகள். ஆனால் நோய் வந்துவிட்ட பூனைக்கு நிலைமை வேறு. பூனை எலியையும் பல்லியையும் தின்று வளர்ந்த இனம், அதன் கல்லீரல் ஓயாமல் புரதத்திலிருந்தே சர்க்கரை தயாரித்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் இருந்து ஒரே நேரத்தில் நிறைய சர்க்கரை வந்து இறங்கினால் அதைச் சமாளிக்கிற வசதி அதற்குக் குறைவு. அதனால் மணிக்கு இனி புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த உணவு வேண்டும். பெரும்பாலும் அது பௌச்சிலோ டின்னிலோ வரும் ஈர உணவாக இருக்கும்.

நம் ஊர் பாக்கெட்டுகளில் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். நீங்களே கண்டுபிடிக்கலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஐந்தையும் கூட்டி 100-இல் கழியுங்கள், மிச்சம்தான் மாவுச்சத்து. புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10, சாம்பல் 8 என்று ஒரு ட்ரை ஃபுட் பாக்கெட்டில் இருந்தால் 36 மிச்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவு. சாதாரண ட்ரை ஃபுட் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். வீட்டில் வேகவைத்த சிக்கனை மட்டுமே போட்டு வளர்க்கலாம் என்று இறங்கவேண்டாம். கால்சியம் போதாது, டாரின் என்ற அமினோ அமிலத்தின் கணக்கும் உதைக்கும். டாரின் குறைந்தால் பூனைக்கு இதயம் பலவீனமாகும், கண்ணும் போகும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் தொடங்கிய பிறகு உணவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். உணவு மாற்றமும் இன்சுலின் அளவும் ஒரே டாக்டரின் கையில் இருக்கட்டும்.

இன்சுலின் ஊசியைப் பற்றிப் பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, மாத்திரை விழுங்கவைப்பதைவிட இது எளிது. ஊசி முடி மாதிரி மெல்லியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விலாப்பக்கத் தோலைத் தூக்கிப்பிடித்துப் போட்டுவிடலாம், பல பூனைகள் தலையைக்கூடத் தூக்காது. பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை ஏழு என்றால் மாலையும் ஏழு. பூனைகளுக்கு அதிகம் கொடுக்கப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின் மனிதர்களுக்கு விற்கும் அதே மருந்துதான், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்.

நான் மிகவும் அஞ்சுவது சிரிஞ்சை. நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் இரண்டு அளவில் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. பாட்டிலில் வரும் கிளார்ஜின் 100 ரகம். அதை 40 சிரிஞ்சில் ‘2’ என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 2 அல்ல, 5 யூனிட். மனிதருக்கே இது தொல்லை, ஆறு கிலோ பூனைக்கு இது வலிப்பும் மரணமும். பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆனால் நிறத்தை நம்பாமல் பாட்டிலிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படித்துப் பாருங்கள். ‘அது ஸ்டாக் இல்ல, இது போட்டாலும் அதேதான்’ என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். அம்மாவும் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் இரண்டு பேருடைய சிரிஞ்சுகளும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது.

சர்க்கரை தாழ்ந்தால் பூனை தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், சில சமயம் அகோரப் பசியோடு கத்தும், பிறகு நடுங்கி வலிப்பு வரும். விழுங்குகிற நிலையில் இருந்தால் உணவு கொடுங்கள். இல்லையென்றால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும், வலிப்பு நேரத்தில் விரலை உள்ளே விட்டால் கடி விழும். இரவில் உங்கள் பகுதியில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று இன்றே விசாரித்து எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

ஊசியே வேண்டாம், வாயில் கொடுக்கும் மருந்து வந்திருக்கிறதாமே என்று அடுத்து கேட்பீர்கள். உண்மைதான். பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற சொட்டு மருந்துக்கு 2023-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுகிற மருந்துகள். இதுவரை இன்சுலின் போடாத, மற்றபடி ஆரோக்கியமான பூனைகளுக்கு மட்டும்தான் அந்த அனுமதி. ரத்தத்தில் சர்க்கரை சாதாரணமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடும் அபாயம் அவற்றில் உண்டு. ஏற்கெனவே எடை இழந்துகொண்டிருக்கும் மணிக்கு என் தேர்வு இன்சுலின்தான்.

இப்போது அந்த ‘ஆயுளுக்குமா’. மனிதருக்கு அரிதாக நடப்பது பூனைக்கு அடிக்கடி நடக்கிறது. சீக்கிரமே இன்சுலின் தொடங்கி, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தி, மாவுச்சத்தைக் குறைத்தால், மயங்கியிருந்த கணையச் செல்கள் தெளிந்து, ஊசியே தேவைப்படாத நிலைக்கு கணிசமான பூனைகள் வந்துவிடுகின்றன. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இப்படித் தொடங்கிய பூனைகளில் 84 சதவீதம் இன்சுலினில் இருந்து விடுபட்டன. தள்ளிப்போட்டுத் தொடங்கியவற்றில் 35 சதவீதம்தான். அந்த ஆய்வில் இருந்தவை சில டஜன் பூனைகள். வளர்த்தவர்கள் தினமும் பலமுறை காது நுனியில் குத்தி சர்க்கரை பார்த்த பெரிய ஆர்வலர்கள். எல்லோர் வீட்டிலும் 84 வராது. விடுபட்டவற்றில் சிலவற்றுக்கு நோய் திரும்பவும் வரும், குறிப்பாக மறுபடி குண்டானால். ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் கண்டுபிடித்திருக்கிற உங்களுக்கு இது நல்ல வாய்ப்பு, அதைத் தள்ளிப்போட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பார்க்க மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தினால், பூனை ரத்தத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை மனதில் வைத்து, எண்களை டாக்டரோடு சேர்ந்து படியுங்கள்.

பட்டினி? மணிக்கு மட்டுமல்ல, எந்தக் குண்டுப் பூனைக்கும் கூடாது. நாமெல்லாம் ஏகாதசிக்கு விரதம் இருந்துவிட்டு மறுநாள் சுறுசுறுப்பாக எழுந்துவிடுவோம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடல் கொழுப்பெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கல்லீரலில் வந்து குவிந்து அதை ஸ்தம்பிக்கவைத்துவிடும். காது மடலும் ஈறும் மஞ்சளாகும். அப்புறம் குழாய் போட்டு வாரக்கணக்கில் உணவு ஏற்றினால்தான் பிழைக்கும். பசி போன பூனை தலைவலி என்று சொன்னது இதைத்தான். மணிக்கு இப்போது எடை குறைப்பே வேண்டாம். முதலில் சர்க்கரை அடங்கட்டும், எடை இறங்குவது நிற்கட்டும். தண்ணீர் குடிப்பது பழைய அளவுக்கு வந்து சில வாரம் ஆன பிறகு, மிச்சமிருக்கும் கொழுப்பை மெதுவாகக் கரைக்கலாம்.

மீனுவுக்கு இன்றே தொடங்கலாம். அவள் உண்மையிலேயே குண்டா என்று கையால் பாருங்கள். உங்கள் உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி நீட்டி, புறங்கை எலும்புகளை மறுகை விரலால் தடவுங்கள். விலா எலும்பு அந்த அளவுக்குத் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கைப் பக்கம் தடவினால் எப்படி அமுக்கித் தேடவேண்டியிருக்கிறதோ, அப்படித் தேடினால் எடை கூடுதல். வயிற்றுக்குக் கீழே தொங்கி ஆடும் தோலை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒல்லிப் பூனைக்கும் அது உண்டு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடுப்பு உள்வாங்கித் தெரியவேண்டும்.

அவளுக்கு 4 கிலோ சரியான எடை என்று டாக்டர் சொன்னார் என்றால், ஒரு நாளைக்கு நான் மேலே சொன்ன 160 கிலோகலோரியில் தொடங்கலாம். 100 கிராமில் 380 கிலோகலோரி உள்ள ட்ரை ஃபுட் என்றால் அது சுமார் 42 கிராம். கையில் அள்ளிப் பாருங்கள், இவ்வளவுதானா என்று மனசு கேட்காது. கப்பில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். 5 கிராம் கூடினாலே ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. சாதாரண உணவையே குறைத்தால் சத்தும் சேர்ந்து குறையும் என்பதால், எடை குறைப்புக்கென்றே வரும் புரதம் மிகுந்த உணவுக்குப் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும், மீனுவுக்கு அது 25 முதல் 50 கிராம். நாம் ஏறி நிற்கும் எடை இயந்திரத்தில் இது தெரியாது, குழந்தையை நிறுக்கும் தராசு வேண்டும். நான்கு கிலோவுக்கு வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

கருத்தடை செய்ததால்தான் இதெல்லாம் என்று வருந்தவேண்டாம், அது தேவையான காரியம். கருத்தடைக்குப் பின் பசி கூடும், உடலுக்கு வேண்டிய கலோரியோ சுமார் கால்பங்கு குறையும். அன்றே உணவையும் குறைக்கச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் தையல் பிரித்து அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் இருக்கும் பெரிய குறை.

இரண்டு பூனைகளையும் தனித்தனி அறையில் கதவைச் சாத்தி, வேளைக்கு இருபது நிமிடம் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மீனுவின் உணவில் பாதியைக் காலி முட்டை அட்டைக் குழிகளில் போட்டு, நோண்டித் தின்னவிடுங்கள். மிச்சத்தை நடைவழியில் ஒவ்வொன்றாக வீசினால் ஓடிப் பிடிப்பாள். அம்மாவிடம் பாலை நிறுத்தச் சொன்னால் மனவருத்தம் வரும், தெரியும். அவருக்குப் பதில் வேலை கொடுங்கள்: மீனுவுக்கான 42 கிராமைக் காலையில் நிறுத்து டப்பாவில் போட்டு அவரிடமே தந்துவிடுங்கள், எப்போது கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்று. மணியின் உணவு அட்டவணையில் மட்டும் யாரும் கைவைக்கக்கூடாது.

திருநெல்வேலிக்குப் போகலாம், கல்யாணத்தை விடவேண்டாம். மணியை ரயிலில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அடுத்த மாதத்துக்குள் இன்சுலின் அளவு நிலைப்பட்டிருந்தால், பூனைக்குப் பழகிய ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, போகும் முன் சில நாள் உங்கள் கண் முன்னாலேயே ஊசி போடவையுங்கள். அளவு நிலைப்படவில்லை என்றால் உங்கள் டாக்டரின் மருத்துவமனையிலேயே தங்கவைப்பதுதான் பாதுகாப்பு. பார்த்துக்கொள்பவருக்கு ஒரு தாள் எழுதிவையுங்கள். மணி சாப்பிடாத வேளையில் ஊசிக்கு முன் டாக்டரைக் கூப்பிடவேண்டும். ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக்கூடாது. ஊசி போடும்போது மணி துள்ளி, மருந்து பாதி உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று தெரியவில்லை என்றால், திரும்பப் போடாமல் அடுத்த வேளை வரை காத்திருக்கவேண்டும். ஒரு வேளை சர்க்கரை ஏறிக்கிடந்தால் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு டோஸ் ஒன்றாகப் போய்விட்டால்தான் ஆபத்து.